ஆள் பார்த்து வரும் நோய்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்று ஒரு மனிதனின் முன்பல்லில் மோதினால் வருகிற சத்தம் அது. பெரிதாக ஒன்றும் இருக்காது. பக்கத்து அறையில் இருந்து கேட்டால் யாரோ கை தவறிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு இதை ஒருவர் சொன்னார். [யார் சொன்னார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.]

நான் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரு கன்டெய்னர் யார்டில் டாகுமென்ட் கிளார்க். பெட்டி நம்பரையும் சீல் நம்பரையும் சரிபார்த்து எழுதுவது வேலை. கதையும் எழுதுவேன். நாலு கதை அச்சில் வந்திருக்கிறது. யார்டில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எல்லாருக்கும் லீவு லெட்டர் எழுதித் தரச் சொல்வார்கள்.

இதை மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

"இனவெறியை மனநோய்ப் பட்டியலில் சேர்க்கலாமா என்று மருத்துவர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள்." இது உண்மை. ஆனால் இப்படி ஆரம்பிக்கிற எதையும் நானே படிக்க மாட்டேன். அடித்துவிட்டேன்.

"சங்கமித்ரா ஃபைலை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்." எல்லாக் கதையிலும் யாரோ ஒருத்தி எதையோ மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அடித்துவிட்டேன்.

"பாலகணேஷ் அண்ணன் நல்லவர்." இதை அடிக்க மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு அறிக்கையில் கையெழுத்து விழ வேண்டும். 'இது நோய்' என்று எழுதியிருந்தால் பாலகணேஷ் நோயாளி. வேலை தப்பும், வைத்தியம் நடக்கும். 'நோய் இல்லை' என்று எழுதியிருந்தால் அவர் ஒரு மனிதனின் பல்லை உடைத்த ஆள். வேலை போகும், கேஸ் நடக்கும். அதற்குள் இந்தக் கதையை முடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மூன்று டீ ஆகிவிட்டது.

2

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

யார்டின் மூன்றாம் நம்பர் ஷெட்டில் ஒரு தண்ணீர் கேன். அதன் தலைமேல் ஒரே ஒரு டம்ளர். இருபது பேருக்கு அது போதும். நாங்கள் யாரும் வாய் வைத்துக் குடிப்பதில்லை. அண்ணாந்து, உதட்டில் படாமல், தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வோம். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. பிறக்கும்போதே அண்ணாந்துகொண்டுதான் பிறந்தோம் போலிருக்கிறது.

ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள் லக்கன் ஹெம்ப்ராம் வேலைக்குச் சேர்ந்தான். ஜார்க்கண்டில் ஒரு ஊர். ஊர்ப் பெயரை அவன் இரண்டு முறை சொன்னான், நான் எழுதிக்கொள்ளவில்லை. இருபத்துநாலு வயது. பெட்டிக்குள் மூட்டை அடுக்குவது அவன் வேலை. அவன் உள்ளே வந்தபோது கேட்டில் வாழைக்கன்று வாடிக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட், எடை மெஷின், என் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன.

முதல் நாளே டம்ளரில் வாய் வைத்துக் குடித்தான். ஷிஃப்ட் இன்சார்ஜ் பாலகணேஷ் பார்த்துவிட்டார். "டேய், தூக்கிக் குடிக்கணும்டா, இப்பிடி" என்று தானே குடித்துக் காண்பித்தார். லக்கன் முயன்றான். மூக்கில் ஏறி, புரையேறி, சட்டையெல்லாம் நனைந்தது. எல்லாரும் சிரித்தோம். ['சிரித்தார்கள்' என்று போட்டிருக்கலாம். போகட்டும்.]

மறுநாள் பாலகணேஷ் வீட்டிலிருந்து இன்னொரு டம்ளரும், மனைவி சுஜாவின் சிவப்பு நகப்பூச்சு பாட்டிலும் கொண்டுவந்தார். டம்ளரின் வெளிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். அது லக்கனுக்கு. ஆனால் அவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. இதெல்லாம் சொல்லாமலே புரிய வேண்டியது என்று இருந்துவிட்டோம். வாய்விட்டுச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்திருக்கும்.

லக்கன் வேறு மாதிரி புரிந்துகொண்டான். இந்த இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்தவை எல்லாம் கும்பிடத்தக்கவை என்று முதல் நாளே பார்த்திருக்கிறான். அந்த டம்ளர் சாமிக்கு வைத்தது, இல்லாவிட்டால் பெரிய ஆபீசருக்கு வைத்தது. அதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்துகொண்டான். மூன்று வாரம் தன் பாட்டிலிலேயே குடித்தான். பிறகு ஒரு மத்தியானம், பாட்டில் காலியாகி, நாற்பதடிப் பெட்டிக்குள்ளிருந்து வெந்து வெளியே வந்தவன், மரியாதையாகப் பொட்டு டம்ளரை ஒதுக்கிவிட்டு, பொட்டில்லாத டம்ளரை எடுத்து வாய் வைத்தான்.

பாலகணேஷ் பிடுங்கி அவன் முகத்தில் எறிந்தார். "கலீஜ் புட்சவனே! காட்லர்ந்து வந்துட்டு எங்க டம்ளர்லயே வாய் வெக்கிறியா? உனக்குன்னு தனியா வெச்சி கீதே, கண்ணு தெர்ல?"

[அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரு சொல்லை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். அவனுடைய நிறத்தையும் அவன் தாயையும் சேர்த்துச் சொல்கிற சொல். அதைப் படித்தால் உங்களுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கதை எனக்குச் சுலபமாகிவிடும்.]

முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கமாலுதீன் சத்தம் கேட்டு ஓடிவந்து, அவனைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். யார்டில் இந்தி தெரிந்தவர் அவர்தான். பொட்டு விஷயமே லக்கன் அவரிடம் அழுதுகொண்டே சொல்லி, அவர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் யாரும் தண்ணீர் கேன் பக்கம் போகவில்லை.

* கமாலுதீன் இப்போது அவனைத் தண்டையார்பேட்டையில் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறார். லக்கன் கொடுத்த புகார் நிற்காவிட்டால், வேலைக்குக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் அவனை ரயிலேற்றி அனுப்பிவிடுவார். "இங்க இருந்தா பேஜாரு" என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

3

இனிச் சங்கமித்ரா. கதைக்குள் நான் அவரை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் பார்த்தால் எழுந்து நிற்பேன்.

ராயபுரத்தில் டாக்டர் ஃப்ளோரன்ஸ் மனநல கிளினிக் வைத்திருக்கிறார். கீழே மருந்துக்கடை, மாடியில் இரண்டு அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. சங்கமித்ரா அங்கே சைக்காலஜிஸ்ட். வருகிறவர்களிடம் பேசி, சோதனைகள் வைத்து, அறிக்கை எழுதுவது அவள்; பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது டாக்டர். பாலகணேஷின் வக்கீல் போன் செய்தபோது பேச்சு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்: "அது கோபமில்லீங்க, வியாதி. எச்சின்னா அவருக்குத் தாங்காது. அத்த நீங்க எழுதிக் குடுத்தா, கம்பெனி விசாரணைக் குழு ட்ரீட்மென்ட் லீவு குடுத்து ஃபைல மூடிடும்."

போனை வைத்துவிட்டுச் சங்கமித்ரா டாக்டரிடம் போனாள்.

"டாக்டர், இந்த மாதிரி வெறுப்பை நோய்னு எழுதலாமா?"

ஃப்ளோரன்ஸ் ஊசி மருந்துப் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தார். "இதுக்கு மாத்திரை இருந்தா நானே முதல்ல நாலு அட்டை வாங்கி எங்க தெருவுல குடுப்பேன். நம்மகிட்ட காதுல குரல் கேக்குதுன்னு வர்றாங்களே, இருபது வருஷமா பாக்கறேன், அதுல ஒருத்தர் யார் பல்லையாவது உடைச்சாங்களா? இப்ப பல்லை உடைச்சவர் வந்து, நானும் அவங்க லைன்லதான் நிக்கணும்னா அவங்களுக்கு அவமானம் இல்லையா?"

"அப்ப இல்லைன்னு எழுதிடட்டுமா?"

"அவசரப்படாத. எச்சில்னா அவரால நிஜமாவே தாங்க முடியலன்னா அது நோய்தான். ஒரு நாளைக்கு அம்பது தடவை கை கழுவறவங்களை நீயே பாத்திருக்க. ஆனா அது ஆள் பாத்து வராது. கூலிக்காரன் எச்சிலும் ஒண்ணுதான், முதலாளி எச்சிலும் ஒண்ணுதான் அதுக்கு. அதை மட்டும் பாரு."

சங்கமித்ரா எம்.கே.பி. நகரில் வளர்ந்தவள். பெயரைச் சொன்னதுமே கேட்பவர் சாதியைக் கணக்குப் போட்டுவிடுகிற ஏரியா அது. பத்தாவது படிக்கும்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு தோழி வீட்டுக்கு நாலு பெண்களோடு போனாள். தோழியின் அம்மா எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸில் ரஸ்னா கொடுத்தார். அவளுக்கு மட்டும் தெர்மோகோல் கப். "கிளாஸெல்லாம் கழுவப் போட்டிருக்கேம்மா" என்றார், கேட்காமலே. அந்த அம்மா நல்லவர். பரீட்சைக்கு முன்னால் இவளுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தவர். பதினைந்து வருடமாக அவள் அந்தக் கப்பைத் தூக்கிப் போட முடியாமல் அலைகிறாள். அந்த அம்மாவுக்கு ஒரு நோய் என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்! நோயாளியின் மேல் யாருக்குக் கோபம் வரும்? பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த மனிதரைப் பார்ப்பதற்கு முன்பே 'நோய்' என்று எழுத அவள் கை துறுதுறுத்தது.

* இந்த ரஸ்னா விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவர் எம்.கே.பி. நகர் என்று சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒரு அவமானத்தை நானாகவே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவருக்கு அப்படி எதுவும் நடக்காமலும் இருக்கலாம். ஏரியாவைக் கேட்டு ஆளை எடைபோடுகிற இந்த வழக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

4

பாலகணேஷோடுதான் எனக்குத் தகராறு.

முதல் வரைவில் அவருக்குத் தடித்த மீசை, கழுத்தில் செயின், பான்பராக் கறை எல்லாம் வைத்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. நிஜத்தில் அவர் ஒல்லி. மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் எங்கள் தெருவுக்குப் பால் பாக்கெட் கொண்டுவந்தவர். கமாலுதீன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை நின்று பரிமாறியவர். எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தவர். அண்ணாநகரில் ஒரு ஆபீசில் வேலைக்குப் போன புதிதில் அவர் பேச்சைக் கேட்டு அங்கே உள்ளவர்கள் சிரித்தார்களாம். "இன்னா, கீதுன்னு பேசினா காக்காக் கூட்டம் மாரி பாக்கறாங்கோடா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆள் எப்படி

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. 'எப்படி' என்று கேட்டால் ஒரு காரணம் தேட வேண்டும்.]

சரி, தேடினேன். இரண்டாம் வரைவில் சுஜா வந்து சங்கமித்ராவிடம் இப்படிச் சொல்கிறாள்:

"மேடம், அவுருக்குப் பத்தொம்போது வயசுல டி.பி. வந்துச்சி. அவங்க அம்மாவே தட்டு தனி, டம்ளர் தனின்னு வெச்சிட்டாங்கோ. டம்ளர்ல சிவப்பு பெயின்ட்டு. ஒரு வருசம் வூட்டு மூலையில கெடந்தாரு. அத்த இன்னும் மறக்கல மேடம் அவுரு. எச்சின்னா ஒடம்பெல்லாம் நடுங்கும். அடிக்கணும்னு அடிச்சவரு இல்ல."

எழுதியதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. சிவப்புக்குச் சிவப்பு, டம்ளருக்கு டம்ளர். கதையின் எல்லா மூட்டையும் அழகாகப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சங்கமித்ரா இதைக் கேட்டுவிட்டு அழக்கூடச் செய்தாள். அங்கே பேனாவை வைத்தேன்.

5

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்குப் பாலகணேஷ் சங்கமித்ராவின் முன்னால் உட்கார்ந்தார். சுஜா பக்கத்தில். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தது. சங்கமித்ரா கேன் தண்ணீரை ஒரு சாதாரண டம்ளரில் பிடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"மேடத்துக்கு எந்த ஏரியா?"

"எம்.கே.பி. நகர்."

"ஓ. நம்ம பக்கந்தான்."

டம்ளரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. [குடித்துவிட்டு வைத்தாரா, குடிக்காமலே வைத்தாரா? ஒரு வரைவில் குடித்தார். இன்னொன்றில் குடிக்கவில்லை. இரண்டையும் படித்தேன். இரண்டிலும் நான்தான் தெரிகிறேன்.]

"கை எத்தனை தடவை கழுவுவீங்க ஒரு நாளைக்கு?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி, அப்பால. எல்லாரு மாரிதான்." சுஜா இடித்திருக்க வேண்டும். "இல்ல, நெறயவே கய்வேன் மேடம்."

"அன்னைக்கு லக்கன் வாய் வெச்சதும் என்ன ஆச்சு உங்களுக்கு?"

"இன்னாத்த சொல்றது? ஒடம்பு பத்திகினு எரிஞ்சிது. கை தானா போச்சி. எனக்கே தெர்ல."

"வேற யாராவது அந்த டம்ளர்ல வாய் வெச்சுக் குடிச்சிருக்காங்களா?"

"ஆங்... டெல்லிலர்ந்து ஜி.எம். வந்தாரு போன மாசம். அவரு குட்ச்சாரு."

"அப்ப உடம்பு எரிஞ்சுதா?"

"ஐயே, இன்னா மேடம் நீங்க? அவரு ஜி.எம்.!"

சங்கமித்ரா அந்த மனிதரைப் பார்த்தாள். அவர் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று இன்னும் உணரவில்லை. காக்காய் வலிப்பு வந்தவன் எதிரில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டா விழுவான்? காய்ச்சல் பதவியைக் கேட்டுக்கொண்டா ஏறும்? ஒருவன் எச்சிலில் உடம்பு எரிந்து, இன்னொருவன் எச்சிலில் எரியாமல் இருந்தால், அந்த எரிச்சலுக்கு ஆள் அடையாளம் தெரிந்திருக்கிறது. ஆள் அடையாளம் தெரிந்த கை தானாகப் போகவில்லை. யாரை அடித்தால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டுத்தான் போயிருக்கிறது.

அவள் பேனாவை எடுத்து, தெளிவாக, 'நோய் இல்லை' என்று

6

இல்லை. அப்படி நடக்கவில்லை.

ஜி.எம். பற்றிய அந்தப் பதிலுக்கு முன்வரை நடந்தது எல்லாம் நடந்ததுதான். பிளைவுட் தடுப்புக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து நானே கேட்டேன். பாலகணேஷ் அண்ணனுக்குத் துணைக்கு வந்தவன் நான்தான். ஆனால் "வேற யாராவது வாய் வெச்சுக் குடிச்சிருக்காங்களா" என்று சங்கமித்ரா கேட்டார். அண்ணன் சொன்னார்:

"யாரும் இல்ல மேடம். யார் வெச்சாலும் எனக்குத் தாங்காது."

அவ்வளவுதான். சங்கமித்ராவுக்குத் தெரிய வழியே இல்லை. கதையில் நான் அவருக்குக் கொடுத்த வெற்றி என் கற்பனை.

ஆனால் ஜி.எம். குடித்தது கற்பனை இல்லை. லக்கன் சேர்ந்து பத்து நாள் இருக்கும். ஜி.எம். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேர்த்து ஊற்ற, கேனிலிருந்து தானே பிடித்து, உதட்டை நன்றாக விளிம்பில் வைத்து, மடக்மடக்கென்று குடித்தார். அவரும் இந்திக்காரர்தான். கார் வெளியே போனதும் அண்ணன் அதே டம்ளரைக் கழுவாமல் கொள்ளாமல் நிரப்பி அண்ணாந்து குடித்தார். "அண்ணே, ஜி.எம். எச்சில்" என்றேன். "பெரிய எடத்து எச்சிடா, ஒண்ணியும் ஆவாது" என்று கண்ணடித்தார். நான் சிரித்தேன். அப்போது அங்கே வேறு யாரும் இல்லை.

ஆக, டாக்டர் சொன்ன அந்த ஒரு சோதனைக்கு விடை உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் பொய் சொல்லிவிட்டார்.

இன்னும் இருக்கிறது. எழுத ஆரம்பித்துவிட்டேன், எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். டம்ளர் பல்லில் பட்ட சத்தத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். நாலு அடி தூரத்தில்.

டி.பி. வந்ததும் பாலகணேஷுக்கு இல்லை. எனக்கு. தனித் தட்டும், சிவப்பு பெயின்ட் வைத்த டம்ளரும் எங்கள் வீட்டில் எனக்கு வைத்தவை. என் பழைய ரணத்தை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன், குளிருமே என்று. சுஜா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அவர் சொன்னதெல்லாம் "ஜெயிலுக்குப் போனா செத்துடுவாரு மேடம்" என்பது மட்டும். பாலகணேஷ் அண்ணனுக்குக் காரணமே கிடையாது. செல்லமாக வளர்ந்தவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வக்கீல் சான்றிதழ் கேட்கிறார் என்று கிண்டல் செய்துகொண்டே நானும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் கண்டுபிடித்துத் தருகிற கதைகூட ஒரு மெடிக்கல் சர்டிபிகேட்தான்.

தனி டம்ளரின் வலி தெரிந்தவன் அடுத்தவனுக்குத் தனி டம்ளர் வைக்க மாட்டான் என்று நினைக்கிறீர்களா? அன்று அண்ணன் நகப்பூச்சு வைத்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார். "காயட்டும், ஊதுடா" என்றார்.

ஊதினேன். நன்றாகக் காயும்வரை ஊதினேன்.

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று. 'நோய்' என்று எழுதப்படுகிறது. அண்ணனுக்கு லீவும் மாத்திரையும். லக்கன் சென்ட்ரலில் ரயிலேறுகிறான். உடைந்த பல்லின் முனை உதட்டில் படாமல் தண்ணீர் குடிக்க அவன் இப்போது அண்ணாந்துதான் குடிக்கிறான். [இந்த வரியை எழுதியபோது என்னையே மெச்சிக்கொண்டேன். அதற்காகவே அடிக்கிறேன்.]

இரண்டு. 'நோய் இல்லை'. அண்ணனுக்கு வேலை போகிறது. ஷெட்டில் பேப்பர் கப் வைக்கிறார்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு கப், யார் எச்சிலும் யாருக்கும் இல்லை. வியாதி தீர்ந்துவிட்டது என்று நாங்கள் கேரம் ஆடுகிறோம்.

மூன்று. அண்ணன் தண்டையார்பேட்டைக்குப் போய், கமாலுதீன் வீட்டு வாசலில் லக்கனின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொட்டு டம்ளரிலேயே தானும் வாய் வைத்துக்

வேண்டாம். இதைப் பாதியில் விட்டதுதான் இன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

நோயா, நோயில்லையா என்று இவ்வளவு நேரம் அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நோய் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சிரித்த பத்தொன்பது பேருக்கு என்ன? ஊதியவனுக்கு என்ன? எனக்கு லக்கன்மேல் வெறுப்பே கிடையாது. அவனுக்கு ஒருநாள் என் பிஸ்கட்டில் பாதி கொடுத்திருக்கிறேன். வெறுப்பே இல்லாமல் இதையெல்லாம் செய்ய முடிகிறதே, அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

நேற்று யார்டு கேட்டில் கமாலுதீன் என்னை மடக்கினார். "மாமு, நீ அங்கதான இருந்த?"

"கை கழுவிகினு இருந்தேன் பாய்."

அவர் என் கையையே பார்த்தார். "அவ்ளோ நேரமா?" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

8

கடைசியாக, வியாழக்கிழமை அந்த பெஞ்ச்.

அண்ணனும் சுஜாவும் கீழே மருந்துக்கடைப் பக்கம் இறங்கிய பிறகு, கதவைத் திறந்துகொண்டு சங்கமித்ரா வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன். கையில் ஒரு படிவம். யாரைப் பரிசோதித்தாலும் அவரைத் தெரிந்த இன்னொருவரிடம் விசாரித்து எழுத வேண்டுமாம். அவர்கள் தொழிலில் அது முதல் வேலை. வந்தவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட வேலை செய்றவன் மேடம்."

"சம்பவம் நடந்தப்ப இருந்தீங்களா?"

"கை கழுவிகினு இருந்தேன்."

"வேற யாராவது அந்த டம்ளர்ல வாய் வெச்சு, அவர் பார்த்திருக்காரா? அப்ப எப்படி நடந்துக்கிட்டார்? இது ரொம்ப முக்கியம். இதுலதான் எல்லாம் இருக்கு."

"ஞாபகம் இல்ல மேடம்."

அவர் படிவத்தில் கடைசிக் கட்டம்வரை வந்து பேனாவைத் தூக்கினார். எழுதவில்லை. ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "திங்கக்கிழமை காலையில டாக்டர் கையெழுத்துப் போடுவாங்க. அதுக்குள்ள ஞாபகம் வந்தா கூப்பிடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அந்தச் சீட்டு இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீ கிளாஸை அதன்மேல் வைத்ததில் கடைசி எண் ஈரமாகிவிட்டது. இன்னும் படிக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. வெளியே கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரை வரிசையில் நிற்கின்றன. கூப்பிட்டால் மூன்று நிமிஷப் பேச்சு. அதைச் செய்யாமல் இருக்கத்தான் காலையிலிருந்து இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். பால் பாக்கெட் கொண்டுவந்தவர். இதை நான் மறுபடி மறுபடி சொல்வதைக் கவனித்திருப்பீர்கள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. படிவத்தை நின்ற இடத்திலிருந்தே தலைகீழாகப் படித்தேன். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. சங்கமித்ரா என்னிடம் ஐந்து நிமிடம்தான் பேசினார். நீங்கள் இவ்வளவு நேரம் கேட்டிருக்கிறீர்கள். அவரைவிட உங்களுக்குத்தான் என்னைத் தெரியும்.

தகவல் தருபவர்: உடன் பணிபுரிபவர்

சம்பவத்தின்போது இருந்தாரா: இல்லை (கை கழுவிக்கொண்டிருந்ததாகக் கூறுகிறார்)

இவர் கூறுவதை நம்பலாமா: